படிவத்தில் மூன்றாவது கேள்வி

தொடர்ந்து விளையாட உங்களைத் தூண்டுவது எது?
பதில் எழுத ஒன்றரை வரி, புள்ளி புள்ளியாய்.
கீழே முத்திரைக்கு விட்ட கட்டம்
அதைவிடப் பெரிது.

டெல்பினா யோசிக்கவேயில்லை.
நாட்டுக்குப் பெருமை சேர்க்க என்று எழுதி
மூடியைப் போட்டுவிட்டாள்.
அதைப் பார்த்து எழுதிய நிரோஷினிக்கு
அவசரத்தில்
நாட்டுக்கு எருமை என்று விழுந்துவிட்டது.
அவள் அழிக்கவில்லை.

பொய்யுமில்லை அது.
காலை ஆறேகாலுக்கு எங்கள் கிரவுண்டில்
முதல் ஆளாய் நிற்பது காட்டெருமைதான்.
நடுவட்டத்தில் மேயும்.
விசிலுக்குக் காதைக்கூட அசைக்காது.
கக்கத்தில் கையைச் செருகிக்கொண்டு
கக்கூஸ் சுவரோரம் காத்திருப்போம்.
முழங்கால் வரை வெள்ளைச் சாக்ஸ் அதற்கு,
நாலு காலுக்கும்.
எங்களில் மூன்று பேருக்குச் சாக்ஸே கிடையாது.

கோத்தகிரியில் சமதளம் கேட்டால் சிரிப்பார்கள்.
எங்களுக்கு மேல் கோல், கீழ் கோல்.
கீழ் கோல் என்னுடையது.
வலை இல்லை.
என்னைத் தாண்டிய பந்து
வேலி ஓட்டை வழியாகத் தேயிலைக்குள் இறங்கி
வாய்க்காலில் விழுந்தால்தான் நிற்கும்.
விட்டவள் போய் எடுக்கணும். சட்டம் அவ்வளவுதான்.

ஆடி மழையில் ஒருநாள்
பதினொரு தடவை இறங்கினேன்.
பதினொன்றாவது தடவை
பந்தின்மேலேயே உட்கார்ந்து அழுதேன்.
கணுக்காலில் அட்டை ஒன்று
என் அழுகையைப் பற்றிக் கவலைப்படாமல்
குடித்துக்கொண்டிருந்தது.
அன்றைக்கே விட்டிருக்கலாம்.
பிளஸ் ஒன் கணக்கு இருந்தது.
கிளவுஸ் விலை
அம்மாவுக்கு மூன்று நாள் கொழுந்து.

செடி விலகும் சத்தம்.
நிரோஷினி.
அவள் விட்ட பந்தில்லை, அவள் முறையுமில்லை.
பேரிக்காய்க்கு வைத்திருந்த உப்பு மிளகாய்ப் பொட்டலத்தைப் பிரித்து
கணுக்காலில் கொட்டினாள்.
அட்டை விழுந்தது.
எரிச்சலில் நான் கத்தியதற்கு
மேலே நின்ற ஏழு பேரும் சிரித்தார்கள்.

செப்டம்பரில் பி.டி. சாருக்கு உடுமலைக்கு மாறுதல்.
பந்து அறைச் சாவியை
ஆபீசில் கொடுக்க மறந்து
டெல்பினா கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார்.
மறுநாள் வரத் தேவையில்லை,
எல்லாருக்கும் தெரியும்.
ஐந்தரைக்கு விழிப்பு வந்தது.
நிரோஷினி மட்டும் போய்த் தனியே நின்றால்?
போர்வைக்குள் அந்த ஒரு நினைப்பு.
போனேன்.
அவளும் அதே நினைப்பில் வந்திருந்தாள்,
எனக்காக.
டெல்பினா தூக்கம் வரவில்லை என்றாள்.
ஒன்பது பேர், ஒரு எருமை.
யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

ஊட்டிப் போட்டியில் ஆறு கோல் விட்டேன்.
அங்கே வலை இருந்தது.
ஆறு முறையும் பந்து அதிலேயே தங்கியது.
இறங்க வேண்டாம், குனிந்தால் போதும்.
அத்தனை பேர் பார்க்கக் குனிவதற்கு
வாய்க்கால் எவ்வளவோ தேவலை.
முகம் கழுவிக்கொண்டு வரலாம்.

பிறகு,
இதை எங்கே எழுதுவது என்று தெரியவில்லை,
பனி புல்லை வெளுத்திருந்த ஒரு காலை.
டெல்பினா அடித்தது வலது மூலைக்கு.
நான் எப்போது பாய்ந்தேன்?
நடுவிரல் நுனியில் பட்
என்று ஒரு சத்தம்.
கம்பத்துக்கு வெளியே போனது பந்து.
போனதென்னவோ தேயிலைக்குள்தான்.
இப்போது யார் எடுப்பது?
சட்டத்தில் இதற்கு வரி இல்லை.
ஐந்து நிமிடச் சண்டை.
கடைசியில் டெல்பினா இறங்கினாள்.
முதல்முறையாக மேலே நின்று பார்த்தேன்,
இன்னொருத்தியின் தலை
பச்சைக்குள் மூழ்கிப்போவதை.
விரல் விண்ணென்று வலித்தது.
இன்னொரு தடவை அடி, இன்னொரு தடவை என்று
வாய்க்காலுக்குக் கேட்கக் கத்தினேன்.

மணி அடிக்கப் போகிறார்கள்.
ஒன்றரை வரி அப்படியே கிடக்கிறது.
எட்டிப் பார்த்து
நானும் எருமை என்றே எழுதினேன்.